புல் விதையையும் ஊறவைத்துத் தூவுங்கள்

ஐயா,

ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர் மேய்க்கால் தரையில் போன வருடம் கொழுக்கட்டைப் புல் விதை தூவினோம். சுணை மூடிய விதை, பஞ்சு மாதிரி, ஊதினால் பறக்கும். மழைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது, மீதியை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. விதை மேல் குற்றமில்லை. அறுத்த புதிதில் சில மாதம் அது முளைக்காமல் உறங்கும், அந்த உறக்கம் தெளியும் முன் தூவிவிட்டோம்.

இந்தத் தடவை பழைய விதையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு வரும்வரை உலர்த்தி, அப்புறம் மண்ணோடு கலந்து தூவினோம், ஒரே வாரத்தில் தரை பச்சை கட்டிவிட்டது. நெல்லுக்கு முளைகட்டுகிறோமே, ஏறக்குறைய அதே கைப்பழக்கம்தான், ஆனால் இங்கே வேர்முனை எட்டிப்பார்க்கும் முன் நிறுத்திவிட வேண்டும். முளைவிட்டதைக் காயவைத்தால் செத்துப்போகும். முளைப்பதற்கான வேலை விதைக்குள்ளே பாதி முடிந்துவிடுவதால், கொஞ்ச ஈரத்திலேயே எல்லாம் ஒன்றாகக் கிளம்புகிறது.

எங்கள் பக்கத்து நாட்டு இனமான உம்பளச்சேரி மாடு கோடை முழுக்க வெறும் வைக்கோலை மென்றுகொண்டு நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. புல் விதை கொடுக்கும்போது ஊறவைக்கும் முறையையும் ஒரு துண்டுச்சீட்டில் அச்சிட்டுக் கொடுக்கும்படி கால்நடை பராமரிப்புத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்,
ஒரத்தநாடு