நகர்மன்றச் செய்தியில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வெள்ளிக்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் ஊர் நகர்மன்றக் கூட்டம் பற்றிய செய்தி வெளியாகியிருந்தது. இரண்டு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ஒருமையில் பேசிக்கொண்டதும், அவர்களில் ஒருவர் மேசை மீது ஏறி நின்றதும், தலைவர் அவரைச் சமாதானப்படுத்தி இறக்கியதும் படத்துடன் நான்கு பத்திகளில் விரிவாக இடம்பெற்றிருந்தன. செய்தியின் கடைசி வரி, “பின்னர் வழக்கமான தீர்மானங்கள் 58ம் நிறைவேற்றப்பட்டன” என்று முடிந்திருந்தது. மன்றத்திற்கே அவற்றை முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. தங்கள் செய்தியாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவருடைய வேகத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

அன்று பார்வையாளர் வரிசையில் நானும் அமர்ந்திருந்தேன். அலுவலர் பொருள் எண்ணைச் சொல்லி, “நகராட்சிக்குச் சொந்தமான...” என்று படிக்கத் தொடங்கியதுமே முன்வரிசையிலிருந்து “ஆல் பாஸ்” என்று குரல் வரும், அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். பேருந்து நிலையக் கடைகளின் குத்தகை நீட்டிப்பு, வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமம், தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்பந்தம், குப்பை அள்ளும் வாகனங்களின் பழுதுச் செலவு என எல்லாமே, மிக்சர் தட்டு கடைசி வரிசைக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டன. ஊரார் கட்டும் வரிப்பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பது அந்த 58 பொருள்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

அரசுக் கருவூலத்தில் பட்டியல்களைச் சரிபார்த்தே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்பதால், அச்சிட்ட தொகையைக் கண்டால் அதற்கான வேலை எங்கே என்று தேடும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு சின்டெக்ஸ் தொட்டி இருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஏற்றும் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டிய செலவு, “அவசர அவசியம் கருதி” தலைவரின் முன் அனுமதியுடன் செய்யப்பட்டதாக ஒவ்வொரு கோடைக்குப் பிறகும் மன்றத்தின் பதிவுக்கு வைக்கப்படுகிறது. வேலை முடிந்ததாகச் சொல்லப்பட்டு, பணமும் வழங்கப்பட்ட பிறகு வருகிற தீர்மானத்தை எந்த உறுப்பினரால் மறுக்க முடியும்? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாளில் தர வேண்டிய நகலை, மேல்முறையீட்டுக்குப் பிறகே நகராட்சி எனக்குத் தந்தது. அதில் காயில் கட்டியதாகக் காட்டப்பட்ட மாதம் முழுவதும் அந்த இடத்தில் மோட்டாரே இல்லை. தரைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த துருப்பிடித்த குழாயின் வாயில் யாரோ ஒரு சாக்கைத் திணித்து வைத்திருந்தார்கள். நாங்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் நின்றுகொண்டிருந்தோம்.

இத்தகைய செலவு ஒன்றைப் பற்றித்தான் அன்று ஒரு பெண் உறுப்பினர் எழுந்து, முன் அனுமதி தரும் அளவுக்கு என்ன அவசரம், மதிப்பீடு எங்கே என்று கேட்டார். அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. தங்கள் செய்தியிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. மேசையில் ஏறியவருக்குப் படம், கணக்குக் கேட்டவருக்கு ஒரு வரிகூட இல்லை என்றால், அடுத்த கூட்டத்தில் அந்த அம்மையாரும் மேசையில்தான் ஏற வேண்டியிருக்கும்.

இது தங்களுக்குப் புதிதும் அல்ல. 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, எங்களைப் போன்ற நகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று கூடுதலாயிற்று. அந்தத் தீர்மானம் மன்றத்துக்கு வந்த நாளில் வெளிநடப்புச் செய்தவர்களின் படத்தைப் பெரிதாக வெளியிட்ட தங்கள் இதழ், வரி செலுத்துவோர் ஆட்சேபணை தெரிவிக்க அவகாசம் உண்டு என்பதை, அந்த அவகாசம் முடியும் தறுவாயில்தான் ஒரு மூலையில் தெரிவித்தது.

அதற்கும் முன்பு, 2016 அக்டோபரில் நகர்ப்புற மன்றங்களின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடக்கும் வரை, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள்தாம் மன்றங்களாக இருந்தார்கள். பொருளை வைப்பவரும் அவரே, அதை ஏற்பவரும் அவரே என்றிருந்த அந்த ஆண்டுகளில் எங்கள் ஊர்த் தீர்மானம் ஒன்றுகூடத் தங்கள் இதழில் வந்ததாக நினைவில்லை. கூச்சல் போட ஆள் இல்லாதபோது செய்தி எங்கிருந்து வரும்? 2025 ஜனவரி 5ஆம் தேதியுடன் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளும் அதே தனி அலுவலர் ஆட்சிக்குள் போனபோது, அந்த மௌனம்தான் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது.

ஆனால் நவம்பர் 1 உள்ளாட்சி தினம் வந்துவிட்டால், உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலையையும் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வெளியிடத் தாங்கள் தவறுவதே இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டு, வாரியம் எனப்படும் ஊர்க் குழுவில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவர்களும் அவர்களுடைய உறவினர்களும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்றும் சொல்கிறது. கட்டுரையில் ஓலை போட்ட குடம் ஆண்டுதோறும் படத்துடன் வருகிறது. கணக்கு பற்றிய பகுதி மட்டும் ஏனோ பக்கத்தில் இடம் பிடிப்பதில்லை.

தங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அன்று. கூட்டத்துக்கு முன்பே பொருள் பட்டியலின் பிரதி செய்தியாளர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. அதில் ஒவ்வொரு பொருளின் தலைப்பு, தொகை, ஒப்பந்ததாரர், முன் அனுமதி பெற்றதா இல்லையா என்ற நான்கை மட்டும், ராசிபலனுக்கு ஒதுக்கும் அளவு இடத்தில், மாதம் ஒருமுறை பொடி எழுத்திலாவது வெளியிட்டால் போதும். பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துக்கொள்கிறோம்.

அதற்கும் இடமில்லையென்றால், செய்தியாளர் தம் வேலை முடிந்ததும் அந்தப் பிரதியைத் தங்கள் ஊர் அலுவலகத்தில் விட்டுச் செல்லும்படி சொன்னால் போதும். நானே வந்து வாங்கி, நகலெடுத்துக்கொண்டு அன்று மாலையே திருப்பித் தந்துவிடுகிறேன். நகலுக்கான செலவும் என்னுடையதே.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர்