படையணிக்கு இருந்த பட்டியலும் நமக்கு இருக்கும் பட்டியலும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கண்டி தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள ஆங்கிலேயக் காவற்படை மயானம் பற்றித் தங்கள் வார மலரில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதிகாரிகளைப் பற்றி விரிவாகக் கூறிய அக்கட்டுரை, அப்படைகளோடு கடல் கடந்து வந்த மனைவியரையும் பிள்ளைகளையும் ஒரே வரியில் கடந்துவிட்டது பெருங்குறையாகும்.

1815 இல் கண்டியைக் கைப்பற்றிய படைகளுள் 73 ஆவது படையணியும் ஒன்று. அது 1809 முடிவில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்துக்கு ஆளுநராகப் போன மக்குவாரியோடு சிட்னிக்குச் சென்ற படையணி. அங்கே பிரித்தானியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டிருந்த கைதிப் பெண்கள் பலரோடு படையினர் குடும்பமாகிவிட்டார்கள் என்றும், அதனால் கட்டுப்பாடு தளர்கிறது என்றும் கருதிய மக்குவாரி, அவர்களை வேறிடத்துக்கு மாற்றும்படி இலண்டனைக் கேட்டுக்கொண்டார். 1814 இல் அவர்கள் மனைவி மக்களோடு இலங்கைக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1817, 1818 ஆம் ஆண்டுகளின் ஆங்கிலேயருக்கெதிரான ஊவாக் கிளர்ச்சியின்போது துப்பாக்கிக் குண்டைவிடக் காய்ச்சலுக்கே அதிகமான படைவீரர்கள் பலியானார்கள். கணவனை இழந்து முன்பின் தெரியாத நாட்டில் கைக்குழந்தையோடு நின்ற பெண், இன்னொரு சிப்பாயை மணந்துகொள்வதைத் தவிர வேறு வழி காண்பது அரிதாயிருந்தது.

இவர்களாவது கூடவே வந்தவர்கள். அக்காலப் பிரித்தானியப் படையில் போர்முனைக்குப் போகும் நூறு பேருக்கு 6 மனைவியரும், இந்தியா போன்ற தூர நிலையங்களுக்கு 12 மனைவியருமே அரச செலவில் கப்பலேறலாம். யார் போவது என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். ‘போகக்கூடாது’ என்ற சீட்டை எடுத்தவள் பிள்ளைகளோடு துறைமுகத்திலேயே நின்றுவிட வேண்டியதுதான். எந்த ஆட்சியின் பெயரால் நடந்திருந்தாலும் இது கொடுமை.

ஆனாலும் அந்தச் சிப்பாயின் பெயர், சம்பளம், நோய், மரணம் யாவும் படையணியின் சம்பளப் பட்டியல்களில் எழுதப்பட்டு, இலண்டன் கியூவிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. மனைவியர் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கையாகவே பதிவாகியிருந்தாலும், அந்தச் சந்ததியினர் தேடத் தொடங்குவதற்கு ஓரிடம் இருக்கிறது. தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, வாந்திபேதிக்குப் பலரைப் பலிகொடுத்து, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த நம் முன்னோருக்கு அப்படி எத்தனை பட்டியல்கள் உள்ளன? 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் இந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டபோது, நம்மவருள் மிகப் பலரால் எதையும் காட்ட முடியாமல் போனதை நாம் மறந்துவிட முடியாது.

எஞ்சியிருப்பவை தோட்ட அலுவலகங்களிலுள்ள பழைய செக்ரோல் புத்தகங்களே, அதாவது தொழிலாளரின் வேலைநாள் பதிவேடுகளே. அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மேலே ஆட்களை மேய்த்த கங்காணியின் பெயர், கீழே ஆட்களின் பெயர்கள், எதிரே நாள்தோறும் முழுப்பேரா (முழுநாள் வேலையா) அரைப்பேரா (அரைநாள் வேலையா) என்ற குறி. ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது. அலுவலகம் துப்புரவாக்கப்படும்போது இவை குப்பையோடு எரிக்கப்படுவதாகக் கேள்விப்படும்போது மனம் பொறுக்கவில்லை.

ஆகவே, பெருந்தோட்ட நிர்வாகங்கள் இப்புத்தகங்களை அழிக்காமல் தேசிய சுவடிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், திணைக்களம் அவற்றைப் படியெடுத்துப் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும், மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதற்கான பணிப்புரையை அமைச்சிடமிருந்து பெற்றுத்தர வேண்டும் என்றும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஹட்டன்.