சாவடிக் கூரை ஆவணிக்குள் மூடியாக வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

ஸ்ரீ கங்கையம்மன் துணை

ஊரில் இருக்கும் தலைக்கட்டுகளுக்கும், சென்னை, சூளூர்ப்பேட்டை, துபாய் என்று பிழைக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும், அக்கம்பக்கத்துக் குப்பத்து உறவுகளுக்கும் சாவடித் திருப்பணிக் கமிட்டியின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். கொத்தனார்கள் ஆவணி முடியும்வரைதான் இங்கே இருப்பார்கள். அதற்குள் தளம் போட்டால்தான் ஐப்பசி மழை இறங்குவதற்குள் சுண்ணாம்பு காய்ந்து இறுகும். தேவை ரூ.13,60,000. கையில் இருப்பது ரூ.8,15,000. துண்டு விழுவது ரூ.5,45,000.

வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சாவடி என்றால் பெரியவர்கள் வெற்றிலை போடும் திண்ணை என்றுதான் தெரியும். பழவேற்காடு ஏரியில் எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், யார் வலை போடுவது என்று சீட்டு எடுப்பது அங்கேதான். இன்று நல்ல பாடு கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான பாடு, முறை சுற்றிவரும். எஞ்சின் போட்ட படகுக்காரரும் துடுப்பை மட்டும் நம்பியிருப்பவரும் அந்தக் கூரைக்குக் கீழே ஆளுக்கு ஒரு சீட்டுதான் எடுக்கிறார்கள். இதற்குக் கோர்ட்டும் இல்லை, போலீசும் இல்லை.

ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி நம்முடையது. ஆரணியாறு, காளங்கி, சொர்ணமுகி மூன்றும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. இரண்டும் கலக்கிற பக்குவத்தில்தான் இறாலும் மடவையும் நண்டும். 1613இல் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டை கட்டி, நம் கரைத் துணிகளைக் கிழக்குத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்தார்கள். அந்தத் துணிமூட்டைகளைக் கப்பலுக்குக் கொண்டுசேர்த்தது நம் முன்னோர் படகுகள்தான் என்பது பெரியவர்கள் வாக்கு. (ஆவணம் கேட்காதீர்கள், பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.) பக்கிங்காம் கால்வாயில் சென்னைக்கு விறகும் உப்பும் போன காலமும் உண்டு. பிறகு எல்லை பிரித்தார்கள், ஏரியின் பெரும்பங்கு ஆந்திராவுக்குப் போனது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்தோம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். எங்கே வைத்தாலும், ஏரியில் தகராறு என்றால் நாம் வந்து உட்காருவது இந்தச் சாவடியில்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு பின்பக்கத் தளம் இறங்கியது. சுவரிலிருந்து மூன்றாவது பனங்கையில் (கூரை தாங்கும் பனஞ்சட்டம்) விரலை வைத்து அழுத்திப் பாருங்கள், உள்ளே போய்விடும். கறையான் அரித்த மாவு கொட்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புகிற அதிர்ச்சியில் விட்ட விரிசல் என்றார் ஒருவர். கொத்தனார் சிரித்துவிட்டார். அதே இடத்தில் உடைந்து விழுந்த காரையை எடுத்துப் பார்த்தால், சூளையில் சரியாக வேகாத கிளிஞ்சல் துண்டு, நகக்கண் அளவில், இன்னும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைத்த சுண்ணாம்பு அது.

காங்கிரீட் போட்டால் பாதிச் செலவில் முடியுமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். முடியும். ஆனால் கரையில் 20 வருடத்துக்கு முன் கட்டிய ஏலக்கூடத்தைப் போய்ப் பாருங்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பி, சிமெண்டைப் பிளந்துகொண்டு வெளியே நிற்கிறது. மீன்கூடையோடு அதன் கீழே நிற்கப் பெண்கள் பயப்படுகிறார்கள். ஆகவே பழைய முறையில், பனங்கை பாவி, செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புத் தளம்தான் என்று பொதுக்கூட்டத்தில் முடிவானது.

செலவு: பனங்கையும் தேக்கு உத்தரமும் ரூ.4,10,000. ஒரு பச்சைப் பனையைக்கூட வெட்டவில்லை. பழைய வீடு இடிக்கும் இடங்களில் வைரம் பாய்ந்த பனங்கைகளாகத் தேடி வாங்குகிறோம். செங்கல், கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி ரூ.3,85,000. கொத்தனார், சித்தாள் கூலி ரூ.4,75,000. படகில் ஏற்றி இறக்க ரூ.90,000.

இதுவரை கொடுத்த கைகளை அம்மன் குறையில்லாமல் வைக்கட்டும். ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் வேலை செய்யும் நம் பெண்பிள்ளைகள் யாரும் கேட்காமலே ஆளுக்கு ஒருநாள் சம்பளம் அனுப்பினார்கள். பழவேற்காட்டில் ஓலைப்பெட்டி முடையும் முஸ்லிம் சகோதரிகள் வசூலுக்கென்று மூடிபோட்ட பெட்டிகளை முடைந்து தந்து, காசு வாங்க மறுத்துவிட்டார்கள். யானாதிப் பழங்குடிக் குடும்பங்கள் கிளிஞ்சல் பொறுக்கிச் சலித்துக் கொடுத்தன. அக்கரைத் தெலுங்குக் குப்பத்தார் செங்கல் ஏற்றப் படகு விட்டார்கள், டீசல் அவர்களுடையது. நண்டு விற்கும் நம் அம்மா ஒருவர் மாதம் தவறாமல் 500 ரூபாய் கொண்டுவந்து பெட்டியில் போடுகிறார். பெயர் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

இனி, சொல்லச் சங்கடமானது. தலைக்கட்டுக்கு, அதாவது வரி கட்டும் குடும்பத்துக்கு, ரூ.3,000 என்று விதித்தோம். 148 தலைக்கட்டில் 111 கட்டியாயிற்று. 37 பாக்கி, அதாவது ரூ.1,11,000. முடியாதவர்கள் இருக்கிறார்கள், தவணையில் கட்டட்டும், தெரியும். ஆனால் மாடிமேல் மாடி கட்டியவர்களும், ஆடிக் கூழுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பெயர்களை மைக்கில் படிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

அத்தனை பேரும் கட்டினாலும் இன்னும் ரூ.4,34,000 வேண்டும். வெளியூரில் இருப்பவர்களே, உங்கள் அப்பாவின் சீட்டு இங்கேதான் விழுந்தது. அந்த இறால் காசில்தான் பலருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. மழைக்குப்பின் பூநாரையைப் படமெடுக்க வரும் நண்பர்களே, சாவடித் திண்ணையில் படுத்து எழுந்தவர்கள் நீங்களும்தான்.

ஒரு பனங்கை, ஒரு லோடு செங்கல் என்று பொருளாகவும் தரலாம். பணம் தருபவர்கள் பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஜிபே அட்டை கோயில் வாசலிலும் டீக்கடையிலும் ஒட்டியிருக்கிறது. வரவுசெலவு ஞாயிறுதோறும் சாவடி முன் பலகையில் எழுதப்படும். கடைசி நாள் ஆவணி 15.

இப்படிக்கு,
சாவடித் திருப்பணிக் கமிட்டியார்