நியூ பொரஸ்ட் குதிரைகளுக்குப் பாண் கொண்டு போக வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

கோடை விடுமுறைக்கு இங்கிலாந்திலுள்ள பிள்ளைகளிடம் போகும் பெற்றோருக்காகத் தங்கள் ஞாயிறு இதழில் வந்த பயணக் கட்டுரை, ஹம்ப்ஷயர் பக்கமுள்ள நியூ பொரஸ்ட் காட்டைப் பற்றி நன்றாகவே சொல்லியிருந்தது. ஆனால் குதிரைகளுக்குக் கொடுக்கக் கரட்டும் பாணும் கொண்டு போகலாம் என்ற ஒரு வரி பிழை. அதை நம்பிப் போனால் தண்டம் கட்ட நேரிடும், குதிரைக்கும் கேடு.

அங்கே குதிரை, கழுதைகளுக்குத் தீனி கொடுப்பதைத் தடுக்கும் ஆணை 2023 யூலை 1 இல் நடைமுறைக்கு வந்தது. அந்த இடத்திலேயே எழுதும் தண்டம் 100 பவுண். நீதிமன்றம் போனால் 1,000 பவுண் வரை ஏறும். கூடவே வந்த இன்னோர் ஆணை காட்டில் நெருப்பு மூட்டுவதையும் பார்பிகியூ அடுப்பையும் தடுக்கிறது. இறைச்சியை மசாலா பிரட்டிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போகும் நம்மவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு துண்டுப் பாணில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். அந்தக் குதிரைகளின் குடல் முரட்டுப் புல்லுக்கும் முட்செடித் தளிருக்கும் பழகியது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாதது உள்ளே போனால் வயிறு முறுக்கிச் செத்தும் போகும். கரட், அப்பிள் துண்டு தொண்டையில் சிக்குவதும் உண்டு. காலையிலிருந்து மாலை வரை எத்தனை கார்கள், எத்தனை கைகள் என்று எண்ணிப் பாருங்கள். கார் என்றால் தீனி என்று பழகிய குதிரை வாகனத் தரிப்பிடத்தை விட்டு நகராது. வெறுங்கையோடு நிற்கும் பிள்ளையைக் கடிக்கும், உதைக்கும். கடைசியில் தெருவில் நின்று வாகனத்தில் அடிபடும்.

இன்னொன்று, கட்டுரையில் அவை 'காட்டுக் குதிரைகள்' என்று இருந்தன. அவற்றில் உரிமையாளர் இல்லாத குதிரை கிடையாது. நம் மட்டக்களப்புப் படுவான்கரைப் பட்டி மாடுகள் குறி சுட்டு மேய்ச்சல் தரையில் திரிவது போலத்தான். 1079 இல் முதலாம் வில்லியம் அரசன் வேட்டைக்காக ஒதுக்கிய காடு அது. சுற்றியுள்ள ஊராருக்கு அங்கே கால்நடை மேய்க்கும் உரிமை இன்றும் இருக்கிறது, ஒவ்வொரு உருப்படிக்கும் ஆண்டுக் கட்டணம் கட்டுகிறார்கள். குதிரையின் வாலைப் பாருங்கள். நுனி மயிர் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கும். அஜிஸ்டர் எனப்படும் மேய்ச்சல் கண்காணிப்பாளர்கள் இலையுதிர் காலத்தில் குதிரைகளை வளைத்துப் பிடித்து அப்படி வெட்டுகிறார்கள். ஆளுக்கொரு வெட்டு என்பதால், எந்தப் பகுதிக் குதிரை, பணம் கட்டியாயிற்றா என்பது வாலிலேயே தெரியும். சிலவற்றின் கழுத்தில் மினுங்கும் பட்டி, இரவில் ஓட்டுநர் கண்ணில் பட.

அதே பருவத்தில் பன்றிகளையும் அவிழ்த்துவிடுவார்கள். ஓக் மரக் கொட்டை குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சு, சிறுநீரகத்தைக் கெடுக்கும். பன்றி அதைப் பொறுக்கித் தின்று நிலத்தைச் சுத்தமாக்கிவிடும்.

வேலியில்லாத தெருக்களில் வேக எல்லை மணிக்கு 40 மைல், அதாவது 64 கிலோமீற்றர். தாய்க்குதிரை கடந்துவிட்டதே என்று வேகத்தைக் கூட்டாதீர்கள், பின்னால் குட்டி வரும்.

சும்மா பார்ப்பதற்கே அங்கே நிறைய உண்டு. லண்டன் வாட்டர்லூவிலிருந்து ப்ரொக்கன்ஹர்ஸ்ட் நிலையத்துக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம், அங்கே சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம், அடையாளமிட்ட பாதைகளில் மட்டும் ஓடலாம். மான்களுக்குப் போல்டர்வூட் பார்வை மேடைதான் நல்லது. ஒக்டோபரில் கலைமான்கள் ஒன்றோடொன்று மோதும் காலம், குறைந்தது 50 மீற்றர் தள்ளி நில்லுங்கள். மார்ச் முதல் யூலை வரை பாதையை விட்டு இறங்கவே கூடாது. பக்கிக் குருவி கூடு கட்டாமல் வெறுந்தரையில் முட்டையிடும், குருவியும் சருகு நிறம். மிதித்த பிறகுதான் தெரியும். முதுகில் நெளிகோடுள்ள பாம்பு விரியன் இனம், பிரித்தானியாவின் ஒரே நச்சுப் பாம்பு. விலகி நடந்தால் அதுவும் விலகும்.

பாம்பை விட உண்ணிக்குத்தான் பயப்பட வேண்டும். பன்னத்திலும் நீண்ட புல்லிலும் இருந்து ஏறும், லைம் நோயைப் பரப்பும். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். திரும்பியதும் முழங்காலின் பின்புறம், கவட்டு, அக்குள், பிள்ளைகளின் தலைமயிர் ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் கூர்நுனிச் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக மெல்ல இழுக்க வேண்டும். எண்ணெய் பூசுவதும் நெருப்புக் குச்சியால் சுடுவதும் வேண்டாம், உண்ணி உள்ளிருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடும். வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்பு சில வாரங்கள் கழித்தும் வரலாம், அப்போது நீங்கள் மட்டக்களப்பில் இருப்பீர்கள். இங்குள்ள வைத்தியரிடம் இங்கிலாந்துக் காட்டுக்குப் போனதை நீங்களே சொல்லுங்கள். நேரத்தோடு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் மாறும் நோய் அது.

தீனி விடயத்தில் நம் பக்கத்துக்கு வருவோம். புத்தல–கதிர்காம வீதியில் யானை வாகனத்தை மறிப்பது, பழம் எறிந்து நாம் பழக்கிய பழக்கம். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் செத்ததும் தெரிந்ததே. லகுகலைக் குளத்தருகே, பொத்துவில்–மொனராகலை வீதியிலும் அதே பழக்கம் தொடங்க விடக்கூடாது. தீனி கொடுக்காதீர், இறங்காதீர், தண்டம் இவ்வளவு என்று தமிழிலும் எழுதிய பலகைகளை வனஜீவராசிகள் திணைக்களம் அங்கே நாட்ட வேண்டும். ஆடி மாதக் கதிர்காமப் பாதயாத்திரைக்கு உகந்தையில் காட்டுவழி திறக்கும்போது, மிஞ்சிய சோற்றையும் பொதித் தாளையும் போட மூடியுள்ள பெரிய தொட்டிகள் வாசலிலேயே வைக்கப்பட வேண்டும். மூடியில்லாவிட்டால் முதல் இரவே பன்றி கிளறிவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆரையம்பதி