எங்களை ஒரே தடுப்புக்குள் நிற்க விடுங்கள்

பெருநகரங்களில் மராத்தான் நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நானும் என் கணவரும் சேர்ந்து ஓடுகிறவர்கள். ஒரே போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அவரவர் வேகத்தில் ஓடி, கடைசியில் சந்தித்துக்கொள்ளும் தம்பதிகள் நிறைய இருக்கிறார்கள். அதுவும் நல்லதுதான். நாங்கள் கேட்பது வேறு. தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு வரை பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும் என்பதற்காகவே மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து பயிற்சி எடுக்கிறோம். எங்களைப் போன்றவர்களுக்கு உங்கள் பதிவுப் படிவத்தில் இடமே இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

படிவத்தில் பெயர், வயது, பனியன் அளவு, ரத்த வகை, முன்பு ஓடிய நேரம் எல்லாம் கேட்கிறீர்கள். அந்த நேரத்தை வைத்து, மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையான பிப்பில் ஓர் எழுத்து அச்சாகி வருகிறது. தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் கம்பி போட்டுப் பிரித்த எந்தத் தடுப்புக்குள் நிற்பது, ஒன்றன்பின் ஒன்றாக விடும் கூட்டங்களில் எந்தக் கூட்டத்தோடு, அதாவது எந்த வேவில், கிளம்புவது என்பதெல்லாம் அந்த எழுத்தைப் பொறுத்தது. யாரோடு ஓடப் போகிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற கட்டத்தில் நான் என் கணவரின் எண்ணை எழுதுகிறேன், அவர் என் எண்ணை எழுதுகிறார். ஆனால் அன்றைக்கு அவரும் அதே சாலையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார். 35ஆவது கிலோமீட்டரில் நான் மயங்கி விழுந்தால், உங்கள் மருத்துவக் குழு அழைக்கும் போன் அவருடைய இடுப்புப் பையில் சத்தமில்லாமல் கிடக்கும். அவர் என் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால் யாரும் யாரையும் அழைக்கவே வேண்டாம்.

எங்கள் இருவரில் எனக்குத்தான் வேகம் அதிகம். ஒரு பெரிய போட்டியில் எனக்கு முன்வரிசைத் தடுப்பு கிடைத்தது. அவருக்குக் கிடைத்தது கடைசி வேவ். முந்தின நாள் பிப் வாங்கப் போன இடத்திலேயே, 'நான் பின்னால் போகிறேன், முன்னால் யாருக்கும் இடம் கேட்கவில்லை' என்று சொல்லிப் பார்த்தேன். மாற்றம் செய்வதற்கான நாள் முடிந்துவிட்டது என்றார்கள். மறுநாள் காலை பின்பக்கத் தடுப்பின் வாசலில் நின்ற இளைஞர் என் பிப்பைப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க எழுத்து முன்னாடி. இங்க விட எனக்கு அனுமதி இல்லை" என்றார். பாவம், அவர் மேல் ஒரு குறையும் இல்லை, சொல்லிக்கொடுத்ததைச் செய்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் என் கணவர், இந்தப் பக்கம் நான். என் வேவைக் கூப்பிட்டதும் நான் கிளம்ப வேண்டியதாயிற்று.

கோட்டைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஓரமாக நின்றேன். இங்கே நிற்கக் கூடாது என்று காவலுக்கு நின்றவர்கள் நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். வியர்வை காய்ந்து உடம்பு சில்லென்று ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கான முகங்களுக்கு நடுவில் ஒரு மஞ்சள் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். எப்படியோ கண்ணில் பட்டார். அங்கிருந்து முடிவு வரை சேர்ந்தே ஓடினோம், கடைசிக் கோட்டில் கை கோத்துக்கொண்டே கால் வைத்தோம். ஆனால் நீங்கள் வெளியிட்ட முடிவுப் பட்டியலில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. நான் நின்றுகொண்டிருந்த நேரத்தையெல்லாம் என் காலில் கட்டியிருந்த சிப் ஓடிய நேரமாகவே எண்ணிவிட்டது.

வேவ் முறை எதற்கு என்று எனக்குத் தெரியும். பல்லாயிரம் பேரை ஒரே நேரத்தில் ஒரு சாலைக்குள் விட்டால் நெரிசலில் விழுந்து அடிபடுவார்கள். மெதுவாக ஓடுகிறவர் முன்னால் நின்றால் பின்னால் வருகிறவர்கள் தடுமாறுவார்கள். அதனால்தான் முன்னால் போகக் கேட்கவில்லை. இருவரில் யாருக்கு வேகம் குறைவோ அவருடைய தடுப்பில் இருவரையும் நிறுத்துங்கள் என்கிறேன். வேகமாக ஓடக்கூடிய ஒருவர் பின்வரிசையில் நின்று பின்வரிசை வேகத்தில் ஓடினால் யாருக்கு என்ன நஷ்டம்? பாஸ்டன் மராத்தானைப் போன்ற கண்டிப்பான போட்டியிலேயே பின்வரிசைக்குப் போக விடுகிறார்கள், முன்னால் போகத்தான் தடை. ஒவ்வொருவருக்கும் அவரவர் கோட்டைத் தாண்டும் நொடியிலிருந்துதான் சிப் நேரத்தை எண்ணுகிறது. பரிசுக்கு ஓடும் முன்னணிக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பின்னால் கிளம்புவதால் நேரம் போகாது.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பார்வையற்ற ஓட்டக்காரர் ஒருவர் பதிவு செய்தால் அவருடைய வழிகாட்டியையும் சேர்த்துத்தானே பதிவு செய்கிறீர்கள்? இரண்டு பேரும் ஒரே தடுப்பில் நிற்கிறார்கள், ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். இரண்டு பிப்களை ஒன்றோடு ஒன்று இணைக்கும் வழி உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது என்றுதானே இதற்கு அர்த்தம். அதே வழியை மற்றவர்களுக்கும் திறந்துவிடுங்கள். படிவத்தில் ஒரே ஒரு கட்டம் போதும்: 'நான் இவருடன் ஓடுகிறேன், அவருடைய பதிவு எண் இது.' இரண்டு பேரும் ஒருவர் எண்ணை ஒருவர் நிரப்பியிருந்தால் இணைத்துவிடுங்கள், ஒருவர் மட்டும் நிரப்பியிருந்தால் விட்டுவிடுங்கள். கல்யாணச் சான்றிதழெல்லாம் கேட்க வேண்டாம். அம்மாவும் மகளும் ஓடுவார்கள், அண்ணன் தம்பி ஓடுவார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய தோழிகள் ஓடுவார்கள். எல்லோருக்கும் அதே கட்டம்தான்.

அப்புறம் குலுக்கல். தடுப்பில் பிரிப்பதற்கு முன்பே எங்களைப் பிரிப்பது அதுதான். 2026 லண்டன் மராத்தானுக்கு 11 லட்சத்துக்கும் அதிகமானோர் குலுக்கலில் பெயர் கொடுத்தார்கள். அவ்வளவு பேரில் இடம் கிடைக்காமல் போவதைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 10 பேரில் ஒருவருக்கு இடம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். தம்பதியை இரண்டு தனி ஆட்களாகக் குலுக்கினால், இருவருக்கும் சேர்ந்து இடம் கிடைக்க 100இல் 1 வாய்ப்புதான். ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போவதற்கோ 100இல் 18 வாய்ப்பு. அந்தப் பதினெட்டு வீடுகளில் நடக்கும் பேச்சை யோசித்துப் பாருங்கள். "நீயாவது போய் ஓடிட்டு வா" என்பார் ஒருவர். "நீங்க இல்லாம எதுக்கு?" என்பார் மற்றவர். கட்டிய பணம் திரும்பி வராது என்பதால் ஒருவர் மட்டும் ஓடப் போவார், இன்னொருவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் நிற்பார். சேர்ந்தே குலுக்கினால் கிடைத்தால் இருவருக்கும் கிடைக்கும், இல்லாவிட்டால் இருவருக்கும் இல்லை. மனசு தேறிவிடும். பெர்லின் மராத்தான் குலுக்கலில் இரண்டு மூன்று பேர் ஒரு குழுவாகப் பெயர் கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். அங்கே முடிகிறது என்றால் மற்ற இடங்களிலும் முடிய வேண்டும்.

ஒரு பெண்ணும் ஆணும் ஒரே மராத்தானில் ஓடுவது இன்று சாதாரணமாகத் தெரிகிறது. நெடுங்காலம் அப்படி இல்லை. 1967இல் கேத்ரின் ஸ்விட்சர் 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு பாஸ்டனில் ஓடியபோது, ஜாக் செம்பிள் என்ற நிர்வாகி சாலை நடுவே பாய்ந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். அவரை இடித்துத் தள்ளியவர் யார் தெரியுமா? பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த ஸ்விட்சரின் காதலர் டாம் மில்லர். பாஸ்டனில் பெண்களை முறைப்படி ஓடவிட்டது 1972இல்தான். ஒலிம்பிக்கில் பெண்கள் மராத்தான் வந்தது 1984இல். இவ்வளவு போராடிக் கிடைத்த சாலையில், நிர்வாக வசதிக்காக எங்களை இரண்டு மூலைக்குத் தள்ளாதீர்கள்.

கணவனும் மனைவியும் தனித்தனியாக ஓடிச் சாதித்ததும் உண்டு. 2017 பாரிஸ் மராத்தானில் கென்யாவின் பால் லோன்யங்காட்டா 2 மணி 6 நிமிடம் 10 நொடியில் ஆண்கள் பிரிவை வென்றார். அவருடைய மனைவி பியூரிட்டி ரியோனோரிப்போ 2 மணி 20 நிமிடம் 55 நொடியில் பெண்கள் பிரிவை வென்றார். ஒரே நாள், ஒரே சாலை, வீட்டுக்கு இரண்டு வெற்றி. அவர்கள் சேர்ந்து ஓட முடியாது, ஓடவும் தேவையில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த 42.195 கிலோமீட்டரும் வேறு விதமாகக் கழிகிறது.

எப்படிக் கழிகிறது என்று சொல்லட்டுமா? முதல் பத்து கிலோமீட்டரில் என் வேலை அவரை இழுத்துப் பிடிப்பது. கூட்டத்தின் உற்சாகத்தில் அவர் வேகத்தை மீறிப் போய்விடுவார். இரண்டு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பார்ப்பேன். முடியாவிட்டால் குறைக்கச் சொல்வேன். தண்ணீர் மேசை வந்தால் ஒருவர்தான் ஓரத்துக்குப் போவோம், இரண்டு கோப்பை எடுத்து வந்து ஒன்றை நீட்டுவோம். பாதித் தூரம் வரை பேச்சு இருக்கும். 30ஐத் தாண்டியதும் நின்றுவிடும். கால் தொடை கல்லாகும் நேரம் அது. அப்போது அவர் ஒரு வார்த்தை சொல்வார்: "நீ போ." ஒவ்வொரு முறையும் சொல்வார், மனசாரத்தான் சொல்வார். நான் போக மாட்டேன். அவருடைய இடது பக்கம் அரை அடி முன்னால் ஓடுவேன், என் தோளைப் பார்த்துக்கொண்டே அவர் வருவார். ஒரு முறை எனக்கு வயிற்றைப் பிரட்டி நடக்க ஆரம்பித்தபோது அதையே அவர் எனக்குச் செய்தார். குறித்த வேகத்தில் ஓடி மற்றவர்களுக்கு வேகம் காட்டும் பேசர் ஒருவர் பலூன் கட்டிக்கொண்டு முன்னால் ஓடலாம். ஆனால் நான் எப்போது பொய்யாக 'சரி சரி' என்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. என் கணவருக்குத் தெரியும்.

சேர்ந்து ஓடுகிறவர்கள் வழியை அடைக்கிறார்கள் என்று நீங்கள் சொல்வது நியாயமான குறை. கை கோத்துக்கொண்டு சாலையின் நடுவில் போனால் பின்னால் வருபவர்கள் என்ன செய்வார்கள்? அதற்கு விதி போடுங்கள். நெருக்கமான இடத்தில் ஒருவர் பின் ஒருவராக, இல்லாவிட்டால் ஓரமாக. தண்ணீர் மேசைக்கு முன்னால் நிற்கக் கூடாது. இணைத்து ஓடுகிறவர்களுக்குப் பதிவின்போதே இதை எழுதிக் கொடுங்கள், கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மீறினால் அடுத்த ஆண்டு இணைப்பு கிடையாது என்று சொல்லுங்கள். நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காயம்பட்டாலோ கர்ப்பமானாலோ பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளச் சில போட்டிகளில் வழி வந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் மனைவியின் பதிவை மட்டும் அடுத்த ஆண்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, 'நீங்கள் நலமாகத்தானே இருக்கிறீர்கள், இந்த ஆண்டே ஓடுங்கள்' என்று கணவருக்குச் சொன்னால், அடுத்த ஆண்டு அவர் மறுபடி குலுக்கலில் நிற்க வேண்டும். இணைத்த பதிவு என்றால் மாற்றத்தையும் இணைத்தே கொடுங்கள்.

அடுத்த பதிவு தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்பது புரிகிறது. முதலில் தடுப்பைச் சரிசெய்யுங்கள். பின்வரிசைக்கு மாற விரும்புகிறவரை ஓட்ட நாள் காலை வரை மாறவிடலாம் என்று வாசலில் நிற்கும் தன்னார்வலர்களுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால்கூடப் போதும், இந்த ஆண்டு அதுவே பெரிய உதவி. படிவத்தில் கட்டம் சேர்ப்பதையும் குலுக்கலையும் அடுத்த ஆண்டுக்குள் பாருங்கள். இணைப்பு முறையைச் சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டுமென்றால் நானும் அவரும் தயார்.

இப்படிக்கு,
கணவரோடு சேர்ந்து ஓடும் ஒரு மராத்தான் ஓட்டக்காரி