பதினொன்றரை முதல் நாலரை வரை

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை அவர்களுக்கும், கம்பனியின் கொழும்பு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும், நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராக்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஜனவரி மாதம் பிள்ளைக்காம்பரா கதவில் நீங்கள் ஒட்டிய அறிவித்தல் ஞாபகம் இருக்கும். முன்பள்ளிக்குப் பதிந்த பிள்ளைகளை இனிக் காம்பராவில் சேர்த்துக்கொள்ள முடியாது என்று எழுதியிருந்தது. இடம் போதாது, ஆயாமார் போதாது, ஒரு பிள்ளையின் பெயரை இரண்டு இடத்தில் பதிய முடியாது. காரணங்களைக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டிலேயே கேட்டுவிட்டோம், திரும்ப எழுதி உங்கள் நேரத்தை எடுக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் ஒன்றும் பேசாமல் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டோம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கேட்பது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பள்ளி விடுவது பதினொன்றரைக்கு. எங்களுக்கு வேலை முடிவது நாலரைக்கு. இடையில் ஐந்து மணித்தியாலம். அந்த ஐந்து மணித்தியாலத்துக்கு எங்கள் பிள்ளைகளைத் திரும்பவும் காம்பராவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதத்து மழை உங்களுக்குத் தெரியாதது இல்லை. பங்களாக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தாலும் அது மழைதான். அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. காற்று பலமாக அடித்து, சந்தியில் ஒரு மரம் விழுந்துவிட்டது. பயந்துபோன டீச்சர் பத்தரைக்கே பிள்ளைகளை அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆட்டோத் தம்பி மகளைக் கொண்டுவந்து எங்கள் லயத்து வீட்டு வாசலில் இறக்கியிருக்கிறார். வழக்கமாகப் பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொள்வார். அன்று அவர் கிளினிக் நாள், காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மகள் வரும் நேரத்துக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் போனார். பத்தரைக்கே விடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? தம்பி என் ஃபோனுக்கு நாலு தடவை அடித்திருக்கிறார். 7ஆம் நம்பர் மலையில் சிக்னல் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வண்டிக்குள் இன்னும் நாலு பிள்ளைகள் நனைந்துகொண்டிருந்தார்கள். அவரும் போய்விட்டார்.

பகல் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நான் லயத்துக்கு வரும்போது மணி பன்னிரண்டே கால். மகள் இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், பூட்டிய கதவில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சப்பாத்து இரண்டையும் கழற்றி, டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி, ஒன்றோடொன்று சேர்த்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். கவுன் உடம்போடு ஒட்டியிருந்தது. சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்துப் பார்த்திருக்கிறாள், பிளாஸ்டிக்கில் அடையாளம் இருக்கிறது. எழுப்பினேன். அழவில்லை. "கதவு பூட்டியிருந்திச்சும்மா, அதான்" என்றாள், தான் ஏதோ பிழை செய்துவிட்ட மாதிரி.

அவளுக்கு அப்போது நாலு வயதும் நாலு மாதமும். முன்பள்ளி விட்டு ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது.

எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்தால் பிள்ளைக்காம்பரா தெரியும். நீலக் கதவு. போன டிசம்பர் வரைக்கும் அவள் இருந்த இடம். அங்கே அவள் தூங்கிய தொட்டில் சேலையில் இப்போது யாரோ ஒரு பிள்ளை தூங்குகிறது. அந்தக் கதவைத் தட்டலாமே என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை என்று ராத்திரி கேட்டேன். "நா இப்ப பெரிய பிள்ள, அங்க போகக் கூடாது" என்றாள். உங்கள் அறிவித்தலை அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தெரிந்துவைத்திருக்கிறாள். ஆயம்மா மறுநாள் என்னிடம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார், மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றார். கேட்டிருந்தால் உள்ளே எடுத்திருப்பீர்களா என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த வேலையை நம்பி.

அன்று பின்னேரம் நான் மலைக்குப் போகவில்லை. அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழுந்தது. விழட்டும் என்று இருந்துவிட்டேன். ஆனால் அது அந்த ஒரு நாளோடு முடியவில்லை. பாட்டிக்குக் கால் வீக்கம், கிளினிக், இல்லாவிட்டால் மகன் வீட்டுக்குப் போகவேண்டும். அவர் இல்லாத நாளெல்லாம் பகல் நிறுவையோடு நான் இறங்கிவிடுகிறேன். ஜூலை மாதச் சம்பளச் சிட்டையை எடுத்துப் பார்த்தேன். வேலை நாள் இருபது. அதில் ஒன்பது அரைப்பேர்.

கணக்குப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று எங்களை நினைத்துவிடாதீர்கள், நானும் ஏ.எல். வரைக்கும் படித்தவள்தான். அந்த ஜூலையில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. ஒன்பது அரைப்பேரில் போனது 6,075. முன்பள்ளிக்கு மாதம் 2,000. ஆட்டோவுக்கு 4,500. பாட்டி பார்த்துக்கொண்ட பதினொரு நாளுக்கு, நாளுக்கு 200 படி, 2,200. எல்லாம் சேர்த்தால் 14,775 ரூபா. இருபது நாளும் முழுப்பேர் விழுந்திருந்தால் என் கைக்கு வரவேண்டியது, ஈபிஎஃப் எட்டு வீதம் கழிக்க முன், 27,000. பாதிக்கு மேல் பிள்ளையைப் பார்ப்பதற்கே போய்விட்டது. மிச்சத்தில் அரிசி, மா, கரண்ட் பில், மாமியாரின் மருந்து. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்கிறார். அவர் அனுப்பும் காசு கடனுக்குப் போகிறது, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அவருடைய முதலாளியின் மருமகள் ஒரு வங்கியில் வேலையாம். பிள்ளையை டேகெயாரில் விட்டுவிட்டுப் போகிறார். மாதம் எவ்வளவு கட்டுகிறார் என்று வீட்டுக்காரர் சொன்னார், அது என் முழுச் சம்பளத்தைவிட அதிகம். அந்த அம்மாவும் பாவம்தான், அவருக்கும் சம்பளத்தில் ஒரு பங்கு அப்படியே போகிறது. ஆனால் அவருக்கு ரசீது கிடைக்கிறது. பிள்ளை பார்க்க இவ்வளவு செலவு என்று கையில் பிடித்துக் காட்டலாம். எனக்கு அது அரைப்பேராக வருகிறது. உங்கள் வேலைப்பதிவுச் செக்ரோலில் அதற்குப் பிள்ளைச் செலவு என்று பெயர் கிடையாது. "ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை" என்றுதான் பெயர். ஆகஸ்டில் கணக்கப்பிள்ளை ஐயா என்னைக் கூப்பிட்டுச் சொன்னதும் அதே வார்த்தைதான்.

சட்டம் ஒன்று இருக்கிறது, உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தை வேலை கொடுப்பவர் அமைத்துக் கொடுத்திருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். அந்த உரிமையை நானும் அனுபவித்தேன். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நன்றியோடு சொல்கிறேன். பிள்ளையைப் பார்க்க இடம் இல்லாவிட்டால் அந்தப் பாரம் தாயின் நேரத்தில்தான் வந்து விழும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வயதோடு அது மறந்துபோகிறது. இலவசக் கல்வியோ முதலாம் தரத்தில்தான் தொடங்குகிறது. முன்பள்ளிக்கு நாங்கள்தான் கட்ட வேண்டும். அதனால் நாலு வயதுப் பிள்ளை யாருடைய கணக்கிலும் இல்லை. பால் குடிக்கிற வயதும் தாண்டிவிட்டது, அரசாங்கப் பள்ளிக்கூடத்து வயதும் வரவில்லை.

அப்படியானால் முன்பள்ளிக்கு அனுப்பாமல் காம்பராவிலேயே விட்டிருக்கலாமே என்று பெரட்டில் ஒரு ஐயா கேட்டார். கேட்கலாம். முன்பள்ளி போகாத பிள்ளை முதலாம் தரத்தில் பென்சில் பிடிக்கத் தெரியாமல் கடைசி வாங்கில் உட்காரும். நான் அப்படி உட்கார்ந்தவள். அதோடு எட்டு வயதில் தம்பியைப் பார்த்துக்கொள்ள என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள், ஒரு வருடம் முழுக்க. இப்போதும் எங்கள் லயத்தில் ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய தங்கையும் என் மகளோடு முன்பள்ளிக்குப் போகிறவள். அக்காக்காரி வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. ஏன் என்று அதிபர் கேட்டால் வயிற்றுவலி என்கிறாள். அம்மாயிமார், பாட்டிமார் இருக்கிறார்களே, அவர்கள் பார்க்கட்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மலையைப் போய்ப் பார்க்க வேண்டும். அறுபது தாண்டியவர்கள் கைக்காசுக்குக் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைக்காம்பராவுக்கு இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பலகை மூன்று மொழியிலும் அழகாக இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தேயிலை வாங்குகிறவர்கள் வரும்போது சுவருக்கு வர்ணம் அடிக்கிறீர்கள், பிள்ளைகளுக்குப் புதுத் தொப்பி வருகிறது, ஒரு தடவை பலூன்கூட வந்தது. என் மகளும் அந்தப் படத்தில் இருக்கிறாள், முன் வரிசையில். அந்தப் படம் இன்னமும் எங்கேயாவது தொங்கிக்கொண்டிருக்கும். பிள்ளை வெளியே நின்றால் என்ன, படம் உள்ளே இருக்கிறது. 2023இல் எங்கள் சனம் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடம் ஆனதற்கு, மலையகம் 200 என்று எவ்வளவு மேடை, எவ்வளவு மாலை! எங்கள் பாட்டன் பூட்டன் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்ததை எல்லோரும் கண்ணீரோடு சொன்னார்கள். அவர்களாவது பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சம்பளம் 2021இல் ஆயிரம் ஆனபோது வெடி போட்டோம், 2024இல் 1,350 ஆனபோதும் போட்டோம். அந்தச் சம்பளத்துக்கு முழு நாளும் நின்று வேலை செய்ய ஒரு வழி இருக்கிறதா என்று தொழிற்சங்கத்து ஐயாமார்கூட ஒருவரும் கேட்கவில்லை. சந்தா மட்டும் மாதம் தவறாமல் வெட்டுப்படுகிறது. கொழுந்தில் ஈரம் இருக்கிறது, சாக்குப் பாரம் இருக்கிறது என்று தராசில் கிலோக் கணக்கில் கழிக்கிறீர்களே, அதையெல்லாம் ஒரு வருடத்துக்குச் சேர்த்தால் இன்னொரு ஆயம்மாவின் சம்பளத்துக்குக் காணாதா?

மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது வேறு, பேச்சு எங்கேயோ போய்விட்டது.

எங்கள் டிவிசனில் முன்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எட்டுப் பேர். சோறு நாங்கள் காலையிலேயே கட்டிக் கொடுத்துவிடுகிறோம், உங்கள் அடுப்பில் ஒரு பிடி அரிசிகூடப் போட வேண்டாம். பாய் கொண்டுவருகிறோம். ஆட்டோவைக் காம்பரா வாசலுக்கே வந்து இறக்கச் சொல்லிவிட்டோம், குளவிக் கூடு இருக்கும் அந்தக் குறுக்குப் பாதையில் பிள்ளைகள் நடக்க வேண்டியதில்லை. பின் அறை ஒன்று பூட்டியே கிடக்கிறது, பழைய தராசும் மருந்தடிக்கும் டேங்கும் கிடக்கும் அறை. அதைக் கூட்டித் துடைத்துத் தர எட்டு அம்மாமாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவோம், பேர் போட வேண்டாம். ஒரே பிள்ளையின் பெயரை இரண்டு இடத்தில் பதிவதுதான் பிரச்சினை என்றால், பகலுக்குப் பிறகு வரும் பிள்ளைகளுக்கு வேறொரு கொப்பி போடலாம். கொப்பியும் நாங்களே வாங்கித் தருகிறோம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது பதினொன்றரை முதல் நாலரை வரைக்கும் ஒரு திறந்த கதவும், பக்கத்தில் ஒரு பெரியவரும். பின்னேரம் இரண்டு மணிக்கு நான் மலையில் நின்றால் உங்களுக்கும் கொழுந்து கூடத்தான் வரும். கணக்கப்பிள்ளை ஐயாவும் நிம்மதியாக இருப்பார்.

லீவு முடிந்து முன்பள்ளி வருகிற திங்கட்கிழமை திறக்கிறது. அன்றைக்குப் பாட்டி ஊரில் இல்லை. எங்களுக்கு 7ஆம் நம்பர் மலை என்று கங்காணி சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் தயவுசெய்து ஒரு பதில் சொல்லிவிடுங்கள். எழுத்தில் தர நேரமில்லாவிட்டால் பரவாயில்லை, சனிக்கிழமைப் பெரட்டில் வாயால் சொன்னாலும் போதும்.

இப்படிக்கு,
மேல் டிவிசனில் கொழுந்தெடுக்கும் ஒரு தாய்,
தலவாக்கலைப் பக்கம்