எண்ணூர் ஆற்றுச் சேற்றை எங்களுக்கு மீட்டுத் தாருங்கள்

கடலோர நீர்நிலைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்கள் ஆற்றில் பரவிக் கிடக்கும் காக்கா ஆழி என்ற வெளிநாட்டுச் சிப்பியைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மனுக்கள் வந்திருக்கின்றன, படகில் வந்து பார்த்தும் போயிருக்கிறீர்கள். போன வாரம் என் அம்மா உள்ளங்கை கிழிந்து வீடு திரும்பினார். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவிடம் வலை கிடையாது. எண்ணூரில் ஓடும் கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர். பகலில் இறால் சேற்றுக்குள் புதைந்திருக்கும். விரலில் மீசை பட்டதும் அமுக்கிவிட வேண்டும். இப்போது கையை விட்டால் சேறே தட்டுப்படுவதில்லை. நார் விட்டு ஒன்றோடொன்று பிணைந்து, பாய் விரித்த மாதிரி காக்கா ஆழி கிடக்கிறது. இறால் எங்கே புதையும்? மஞ்சள் மட்டி எப்படிப் பிழைக்கும்? அன்று அம்மா கொண்டுவந்தது ஒரு கைப்பிடி இறால். மஞ்சள் தூள் வைத்துக் கையைக் கட்டினோம். மறுநாளும் போனார்.

அந்தச் சேற்றை எங்களுக்கு மீட்டுத் தாருங்கள். கேட்பது அவ்வளவுதான்.

இது தென் அமெரிக்கக் கரைகளின் உயிரினம். கப்பலின் அடியில் ஒட்டியோ, கப்பல் நிலையாக நிற்க ஏற்றும் தண்ணீரில் குஞ்சாகவோ வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். உப்பு ஏறினாலும் தாங்குகிறது, மழையில் உப்பு இறங்கினாலும் தாங்குகிறது. தானாக அழியும் என்று காத்திருக்க வழியில்லை. பழவேற்காடு வரை போய்விட்டது.

கூட்டத்தில் ஒரு அதிகாரி, "முதலில் ஆய்வு நடக்கட்டும்" என்றார். நடக்கட்டும், ஐயா. ஆனால் சாம்பல் வந்தபோதும், அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீர் வந்தபோதும் பொறுங்கள் என்றுதான் சொன்னீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து, கண்டல் மரங்களின் மூச்சுவேர்கள் கறுத்து நின்றபோது, வாளியால் எண்ணெயை அள்ளியவர்கள் எங்கள் ஆட்கள். ஆறு கெட்ட பிறகுதான் எங்கள் ஞாபகம் வருமா? மன்னியுங்கள், கோபம் வந்துவிடுகிறது.

சரி, வேண்டுகோளுக்கு வருகிறேன். அடுத்த மழைக்கு முன் காக்கா ஆழியை அகற்றும் வேலையைத் தொடங்குங்கள். பெரிய எந்திரத்தை இறக்கினால் சேறும் போகும், கண்டலின் வேரும் போகும். எங்கே எவ்வளவு படிந்திருக்கிறது என்பது கையால் இறால் பிடிப்பவர்களுக்குத் தெரியும். கையுறையும் கூலியும் கொடுத்து அவர்களை வைத்தே செய்யுங்கள். பிடுங்கியதை ஆற்றில் விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும், கரையேற்றிக் காயப்போட வேண்டும். அப்புறம், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு வேறொன்று வரும்.

சேற்றை மீட்டுத் தாருங்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஒருநாள் வாருங்கள், அம்மா கூட்டிப்போய்க் காட்டுவார். செருப்பில்லாமல் இறங்க வேண்டாம், கிழித்துவிடும்.

இப்படிக்கு,
எண்ணூர் ஆற்றில் இறால் பிடிப்பவரின் மகள்